ஆணிகளுக்கு நடுவே ஒரு காசு

கணுக்காலைத் தாண்டிச் சேறு ஏறியிருக்கிறது, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி அண்ணி நிற்கிறாள், ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காது காற்றுக்கும் காக்கைக்கும் திறந்திருக்கிறது, கையில் நீளமான கம்பு, கம்பின் நுனியில் சின்னத் தட்டு ஒன்று, அந்தத் தட்டு சேற்றைத் தொடாமல், தொட்டுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும் உயரத்தில் இடமிருந்து வலமாகப் போகிறது, வலமிருந்து இடமாக வருகிறது, அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை, உலையில் அரிசி வெந்துவிட்டதா என்று மூடியைத் திறக்காமல் கேட்டே தெரிந்துகொள்கிறவளின் முகம் அது, தஞ்சாவூரில் மூன்றாவது மாடியில், அலுவலகம் விட்டு வந்து விளக்கைக்கூடப் போடாமல் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, மின்விசிறி ஒரு சுற்று உறுமி மறு சுற்று மெல்லக் கீச்சிடும்போது, அவள் என் அறைக்குள் வந்து அப்படி நிற்கிறாள், தரையெல்லாம் ஓடைச் சேறாகிவிடுகிறது, நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறேன்.

அவள் தேடிக்கொண்டிருப்பது ஒரே ஒரு காசு, வெள்ளி அரை ரூபாய், ஒரு பக்கம் ராஜா தலை, எங்கள் தாத்தாவின் படகில் இருந்து அப்பாவின் படகுக்கு வந்தது, எங்கள் கரையில் படகு கட்டும்போது அணியத்தில், தண்ணீரை முதலில் கிழிக்கிற அந்த முன்மூக்கில், இரண்டு மரங்கள் சேருமிடத்தில் ஒரு காசை வைத்து மூடிவிடுவார்கள், படகு உழைக்கும் வரை அது யார் கண்ணுக்கும் படாது, படகு கிழடாகிப் பிரிக்கிற நாளில் அதை எடுத்து அடுத்த படகில் வைப்பார்கள், காசு வைக்கும் நேரத்தில் பெண்கள் பக்கத்தில் நிற்பதில்லை, தூரத்தில் நின்று குலவை போடுவதோடு சரி, அப்பாவின் படகில் காசு வைத்தபோது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது, அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எக்கி எக்கிப் பார்த்தும் ஆண்களின் முதுகுகள்தான் தெரிந்தன. அப்பா போன பிறகு அந்தப் படகைப் பிரிக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை, முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், ஊருக்குப் பின்னால் ஓடுகிற உப்போடையில் கொண்டுபோய் விட்டான், பார்த்துக்கலாம் என்றான், நாளுக்கு இரண்டு தடவை கடல் வெள்ளம் ஓடைக்குள் ஏறியது, வற்றியது, பலகை கறுத்தது, நண்டு குடியேறியது, ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அங்கே படகு இருந்ததற்கான மேடுகூட இல்லை. அதன்பின் அவன் வாங்கியது வேறு ஊர்க்காரர் ஓட்டிய பழைய ஃபைபர் போட்டு, அதில் காசு வைத்திருந்தார்களா என்று யாரும் கேட்கவில்லை, முகத்துவாரத்தில் ஒரு காலையில் அலை அதைப் புரட்டிப் போட்ட பிறகு எல்லாரும் கேட்டார்கள், கலியமூர்த்தி, காசில்லாத போட்டிலயா போன, என்று கேட்டார்கள், அண்ணன் நீந்திக் கரைக்கு வந்துவிட்டான், அவனோடு பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்த சிங்காரவேலு வரவில்லை.

அன்று சாத்திய கிழக்கு ஜன்னலை அண்ணன் திறக்கவே இல்லை, கடலுக்கு முதுகு காட்டித்தான் சாப்பிட்டான், முதுகு காட்டித்தான் தூங்கினான், தூங்கினான் என்று சொல்வது தவறு, நான் ஊருக்குப் போகும் போதெல்லாம் எந்த நேரத்தில் விழித்தாலும் அவன் விழித்திருந்தான். இரண்டு வருடம் போனது. அண்ணி எப்படியோ அலைந்து தன் பெயரில் ஒரு புது போட்டுக்கு ஏற்பாடு செய்தாள், செபஸ்தியான் மேஸ்திரியின் கூடத்தில் ஃபைபர் போட்டு வார்க்கிற அச்சில் வேலை தொடங்கியும் விட்டது, அந்தச் சேதியை அவள் சோறு போடும்போது சொன்னாள், லீவு போட்டு வந்திருந்த நானும் இலையில் உட்கார்ந்திருந்தேன், அண்ணன் தலையைத் தூக்காமல், அப்பா காசு அதுல இருந்தா நான் ஏறுறேன், இல்லாட்டி என்னை யாரும் கூப்புடக் கூடாது, என்றான், திருப்பூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னான், அந்த ஓடைச் சேற்றிலிருந்து ஒரு காசை யாரும் எடுக்க முடியாது என்று தெரிந்துதான் சொன்னான், எனக்குத் தெரிந்தது, அண்ணிக்குத் தெரியாமலா இருக்கும், கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு, அவ்வளவுதானே, என்றாள். பிறகு பாத்திரம் தேய்க்கிற இடத்தில் நான் அவளிடம், அண்ணி, அது சும்மா சொல்ற சாக்கு, அவன் பயந்து போயிருக்கான், என்று மெல்லச் சொன்னபோது, அவள் சிரித்தாள், பாப்பா, எனக்கு அது வெளங்காதா, சாக்குதான், ஆனா இந்த ரெண்டு வருசத்துல அவரு வாயில இருந்து வந்த ஒரே வழி அதுதானே, வந்த வழியிலதான நான் போவணும், என்றாள்.

தையல்நாயகி என்று முழுப் பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள், ஊருக்கு அவள் தையலு, மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கிற அந்த மிஷின் வந்த பிறகு பொதையலு என்றும் ஆகிவிட்டாள். மிஷின் அவளுடைய அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது, கோட்டை, புதையல், குடம் என்று ஒரு மாதம் முள்ளுக்காட்டை எல்லாம் சுற்றி, ஒரு சாக்கு நிறையச் சோடா மூடி தோண்டியெடுத்து, எக்கேடோ கெட்டுப் போவுது என்று தங்கையின் வீட்டு மூலையில் சாத்திவிட்டுப் போனார், அதை எடுத்துத் துடைத்து, பேட்டரி போட்டு, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன சத்தம் என்று அவள் தன்பாட்டுக்குக் கற்றுக்கொண்டாள், அடுப்படியில் கரண்டி, கம்மல், கொலுசு, ஆணி, பூட்டு, சாவி எல்லாவற்றையும் தரையில் பரப்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் தட்டைக் கொண்டுபோய்ச் சத்தத்தை மனப்பாடம் செய்தாள், வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த மறுநாட்களில் கடற்கரை மணலில் அவளை அழைத்துப் போகிறவர்கள் உண்டு, அழுதுகொண்டு நிற்கிற ஒரு பெண்ணுக்குத் தாலிக்குண்டு, ஒரு குழந்தைக்குக் கொலுசின் ஒற்றைத் திருகாணி, அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், எப்படிக்கா கண்டுபுடிச்ச என்று கேட்டால், அது கூப்புட்டுச்சு, போனேன், என்பாள்.

ஆனால் கடற்கரை மணல் வேறு, ஓடை வேறு. எங்கள் ஓடைக்கரையில் எத்தனையோ தலைமுறைப் படகுகள் கிடந்து மக்கியிருக்கின்றன, மரம் போய்விடும், ஆணி போகாது, சாண் ஆணி, முழ ஆணி, மரை, சங்கிலிக் கண்ணி, நங்கூரத்தின் உடைந்த நாக்கு, இன்ஜின் துண்டு, கால் வைத்தால் எங்கேயாவது ஒன்று குத்தும், அந்தப் பக்கம் விளையாடப் போனால் அம்மா அடிப்பாள், அதன் மேல் உப்புத் தண்ணீர், உப்பு ஊறின ஈர மண் மிஷினுக்கு ஆகாது, கீழே ஒன்றுமே இல்லாத இடத்திலும் சும்மா கத்தும், முதல் நாள் ஹெட்போனை என் காதில் வைத்தாள், ஐயோ என்று கழற்றிவிட்டேன், நூறு பேர் ஒரே சமயத்தில் வாய்க்குள் முணுமுணுத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு உறுமல், இடையில் கீச், மறுபடி உறுமல், பேருந்து நிலையத்தில் தொலைந்த பிள்ளையைக் குரல் வைத்துத் தேடுவது போல இருந்தது, அண்ணி, இதுக்குள்ள ஒரு காசு எங்க கேக்கும், என்றேன், அவள் என் பதற்றத்தைக் கவனிக்காமல் பொத்தானைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள், தட்டைத் துணிக்கு இஸ்திரி போடுவது போல நிதானமாக ஓட்டினாள், அவசரப்பட்டா ஆணி மட்டுந்தான் பேசும் பாப்பா, ஆணிக்கு வாய் பெருசு, காசு மொள்ளமாத்தான் சொல்லும், அதுக்கு நேரம் குடுக்கணும், என்றாள்.

அவளுக்கு ஒரு முறை இருந்தது, நான் பார்த்துப் பார்த்து அதில் மயங்கிப்போன முறை, கீச் என்று ஒரு நல்ல சத்தம் வந்தால் உடனே தோண்ட மாட்டாள், நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, அந்தப் புள்ளியை நடுவில் வைத்து, சந்நிதியைச் சுற்றுகிறவள் போலச் சேற்றில் மெல்லச் சுற்றி வந்து, பக்கவாட்டில் நின்று மறுபடி தட்டை ஓட்டுவாள், காசு வட்டமானது, எந்தப் பக்கம் நின்று கேட்டாலும் ஒரே குரலில் பேசும், ஆணி நீட்டமானது, ஒரு பக்கம் நின்றால் காசு மாதிரி இனிப்பாகப் பேசி, மறுபக்கம் போனதும் உறுமிக் காட்டிக்கொடுத்துவிடும், ரெண்டு பக்கமும் ஒரே பேச்சு பேசுனா தோண்டு, பக்கத்துக்கு ஒரு பேச்சு பேசுனா வுட்டுட்டுப் போ, என்பாள், சொல்லிவிட்டு, மனுசனுக்கு இது சரிப்படாது, மனுசன்ல யாரு ரெண்டு பக்கமும் ஒண்ணாப் பேசுறா, என்று தானே சிரித்துக்கொள்வாள். தோண்டியது எல்லாம் காசும் இல்லை, ஈயக்குண்டு, பித்தளை வளையம், பற்பசைக் குழாய், மண்ணெண்ணெய் விளக்கின் திருகு, ஒவ்வொன்றையும் ஓடைத் தண்ணீரில் அலசிப் பார்த்துவிட்டு வாளியில் போடுவாள், ஏமாந்த முகம் அவளுக்கு இல்லை, அடுத்த அடி எடுத்து வைப்பாள், நான் கரையில் குந்தியிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் வாழ்க்கையில் நான் எதையாவது இப்படித் தேடியிருக்கிறேனா என்று நினைத்துக்கொண்டேன், என் கல்யாணம் முறிந்தபோது, போனது போகட்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் நான், அது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை, ஆனாலும் ஒருமுறையாவது குனிந்து, மறுபக்கம் சுற்றி வந்து, உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று காது கொடுத்திருக்கலாம், கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், அண்ணி அப்படி ஒரு பெண், வாசலில் நிற்கிற துக்கத்திடம்கூடச் சுற்றி வந்து இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

வெள்ளம் வற்றுகிற நேரம் பார்த்து இறங்குவாள், ஏறத் தொடங்கினால் கரைக்கு வருவாள், மீன்கூடையோடு போகிற பெண்கள் வரப்பில் நின்று, ஏ பொதையலு, குடம் கெடச்சா எங்களுக்கு ஆளுக்கொரு பவுனு குடுத்துரு, இல்லாட்டி ஊர்ப் பஞ்சாயத்துல சொல்லிப்புடுவோம், என்பார்கள், ஒனக்கு எதுக்குடி பவுனு, ஒம் பல்லே மஞ்சளா பவுனாட்டந்தான இருக்கு, என்று இவள் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வாள், சிரிப்பு ஓடையைத் தாண்டிப் போகும். மேஸ்திரி ஒரு மத்தியானம் கை முழுக்கப் பிசின் காய்ந்திருக்க வந்து நின்றார், தையலு, போட்டு பூரா முடிச்சுட்டேன், அணியத்துல மட்டும் கடைசியா ஒட்டுற கண்ணாடி நாருப் பாய் போடாம வச்சிருக்கேன், ஒன் காசுக்காக, ஆனா அச்சு எனக்கு இந்த வாரக் கடைசிக்குள்ள வேணும், அடுத்த ஆளு காத்துக்கிட்டிருக்கான், நான் ஒண்ணு சொல்றேன் கேளு, நாகூர்ல பழைய காசு விக்கிறவன் இருக்கான், இதே ராசா தலை கெடைக்கும், ஒண்ணு வாங்கிச் சேத்துல பொரட்டிக் காட்டு, கலியனுக்கு என்ன தெரியப் போவுது, என்றார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், எனக்கும் அந்த யோசனை வந்திருந்தது, வாயைத் திறக்கும் தைரியம்தான் வரவில்லை, அவள் மேஸ்திரியிடம் கோபப்படவில்லை, அவருக்குத் தெரியாது மேஸ்திரி, எனக்குத் தெரியும்ல, அவரு போட்டுல ஏறிப் போன பெறவு கரையில நிக்கப்போறது நானு, அலை பெருசா வர்ற அன்னைக்கு நான் எதை நெனச்சுக்கிட்டு நிக்கிறது, நாகூர்க் காசையா, என்றாள், அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது, வந்தது என்றா சொன்னேன், இப்போதும் வருகிறது, மரமெல்லாம் கரைந்துபோன ஒரு படகு, ஆனால் ஆணிகள் அடித்த இடத்திலேயே அப்படியே நிற்கின்றன, எதையும் பற்றாமல் சேற்றுக்குள் வரிசை வரிசையாக நின்றுகொண்டு, இல்லாத பலகைகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அந்த ஆணிப் படகில் அப்பா உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார், நான் ஏறப் போகிறேன், கால் வைக்கப் பலகை இல்லை, வா பாப்பா, ஆணி தாங்கும், என்கிறார், காலையில் இதைச் சொன்னபோது அண்ணி தலை வாரிக்கொண்டிருந்தாள், சீப்பு பாதியில் நின்றது, ஏ பாப்பா, நெசமாவே அப்படித்தான இருக்கும், என்றாள், ஆணி எங்க போவும், அடிச்ச எடத்துல இருந்து அப்படியே கீழ எறங்கியிருக்கும், நான் ஆணியை ஒதுக்கிக்கிட்டு காசைத் தேடுறேன், ஆணியையில்ல தேடணும். அன்று அவள் சவுக்குக் குச்சிகளைச் சின்னச் சின்னதாக ஒடித்து ஒரு கட்டு எடுத்துக்கொண்டாள், சேற்றில் இறங்கி, இத்தனை நாள் விலக்கிப் போன உறுமல்களைத் தேடிப் போனாள், ஒரு உறுமலுக்கு ஒரு குச்சி நட்டாள், நான் கரையிலிருந்து பார்க்கப் பார்க்க, முதலில் சும்மா சிதறல், பல படகுகளின் ஆணி ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கிற குழப்பம், அவள் சிலதைப் பிடுங்கினாள், ஒரே இடைவெளியில் வருகிறதை மட்டும் விட்டுவைத்தாள், மெல்ல ஒரு வரிசை தெரிந்தது, வளைந்தது, சற்றுத் தள்ளி அதற்கு எதிர் வரிசை, என் உடம்பெல்லாம் சிலிர்த்தது, குச்சிகள் சேற்றின் மேல் எங்கள் அப்பாவின் படகை வரைந்துகொண்டிருந்தன, ஒரு முனை மட்டும் மூடாமல் இருந்தது.

அப்போதுதான் அண்ணன் வந்தான், துவைத்த பேண்ட், காலில் செருப்பு, தோளில் பை, திருப்பூர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் சொல்லிக்கொள்ள வந்தவன், ஓடைப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் என்னிடம், பாப்பா, நான் கெளம்புறேன், அவகிட்ட சொல்லிரு, என்றான், சொல்லிவிட்டுப் போக வேண்டியவன் தற்செயலாகத் தலையைத் திருப்பினான், குச்சிகளைப் பார்த்தான், படகு அங்கேதான் கெடந்துதுன்னு ஒனக்கு யாரு சொன்னா, என்றான், சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் அண்ணி நிமிர்ந்தாள், ஆணி சொல்லுச்சு, என்றாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மறுபடி குனிந்து மிஷினை ஓட்டினாள், ஒரு இடத்தில் கீச் என்றது எனக்கே கேட்டது, அவள் வழக்கம்போலச் சுற்றி வந்தாள், மறுபக்கத்தில் அது உறுமியது, அதை விட்டு நகர்ந்தாள், அண்ணன் பையைக் கீழே வைத்தான், ஏன் வுட்டுட்டுப் போற, என்றான், அது ஆணிங்க, ரெண்டு பேச்சு பேசுது, என்றாள் அவள், அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான், இப்போது யோசிக்கும்போது தெரிகிறது, அந்த ஒரு நிமிஷம்தான் எல்லாம், அவன் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம், அவள் வயசாகும் வரை அந்தச் சேற்றில் சுற்றி வந்திருப்பாள், காசு அவள் காலடியிலேயே கிடந்திருக்கும், சாக்கு அவனுக்குப் பத்திரமாக இருந்திருக்கும், ஆனால் அவன் அவளுடைய கால்களைப் பார்த்தான், ஆணி கீறிக் கீறிப் பச்சை மருந்து தடவின அந்தக் கால்களை, தையலு, காசு சும்மா கெடக்கும்னு நெனச்சியா, அப்பா அதை ஆணி அடிச்சுல்ல வச்சாரு, என்றான்.

அந்த வாக்கியத்தை நான் இப்போதும் சில நேரம் முணுமுணுக்கிறேன், ஆணி அடிச்சுல்ல வச்சாரு, காசின் நடுவில் தாத்தா காலத்திலேயே ஓட்டை இருந்ததாம், அந்த ஓட்டை வழியாக ஆணியை இறக்கி மரத்தோடு சேர்த்து அடித்தார்களாம், காசு ஆடக்கூடாது, காசு ஆடுனா போட்டு ஆடும், என்றாராம் அப்பா, அண்ணன்தான் சின்னப் பையனாகக் காசைப் பிடித்துக்கொண்டிருந்தானாம், முதல் அடி அவன் கட்டைவிரலில் விழுந்ததாம், இதெல்லாம் அந்த முதுகுகளுக்கு அந்தப் பக்கம் நடந்தது, குலவை போட்ட எங்களில் ஒருத்திக்கும் தெரியாது, தூரத்தில் நிறுத்தப்பட்டவர்களுக்குத் தெரியாத ஒரு ஆணி, அதனால்தான் அவள் தன் முறையிலேயே ஏமாந்திருக்கிறாள், காசும் ஆணியும் ஒன்றாகத் துருவேறிக் கிடந்தால் அது இரண்டு பேச்சுத்தானே பேசும். அண்ணி கம்பைச் சேற்றில் ஊன்றி ஒரு கணம் நின்றாள், கோபப்படுவாள், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தேன், அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், பாவி மனுசா, அப்ப நான் வேணாம்னு வுட்டதுலதான் இருக்கு, என்றாள், வாங்க, அணியம் எந்தப் பக்கம் கெடந்துச்சு, அதையாவது சொல்லுங்க, என்று கூப்பிட்டாள், அவன் கரையிலிருந்தே கையை நீட்டினான், அலையாத்திச் செடிப் பக்கம், இன்னும், இன்னும் தெக்க, அங்க இல்ல, ஐயோ அங்க இல்லைங்கறேன், என்று சொல்லிக்கொண்டே வந்தவன் செருப்போடு சேற்றில் இறங்கிவிட்டிருந்தான், இறங்கியதை அவன் கவனிக்கவில்லை, நாங்கள் இரண்டு பேரும் கவனித்தோம்.

மூடாமல் இருந்த முனைக்குப் போனார்கள், அவள் ஹெட்போனின் ஒரு கிண்ணத்தை அவன் காதுக்குத் திருப்பினாள், இன்னொன்று அவள் காதில், அதற்காக இருவர் தலையும் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, வரப்பில் போன பெண்கள் நின்றுவிட்டார்கள், அடியே பாருங்கடி, புருசனும் பொண்டாட்டியும் சேத்துல நின்னு பாட்டு கேக்குறாங்க, என்ன பாட்டு அண்ணே, எங்களுக்கும் போடு, என்றார்கள், அண்ணன் திரும்பவில்லை, அவன் முகம் சிவந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், இரண்டு வருடமாக ஒரே வீட்டில் முதுகும் முகமுமாக இருந்தவர்களை அவ்வளவு பக்கத்தில் பார்க்க என்னவோ போல இருந்தது. ஒரு இடத்தில் கீச் என்றது, சுற்றினார்கள், இரண்டு பேரும் ஒட்டியபடியே நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து சுற்றினார்கள், உறுமியது, தோண்டினார்கள், வெறும் ஆணி, இன்னொன்று, வெறும் ஆணி, வுடு தையலு, போதும், என்றான், இன்னும் ஒண்ணு, என்றாள், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று, பிறகு அவள் களைக்கொட்டைச் சேற்றில் விட்டுக் கிளப்பியபோது வந்தது கோழி முட்டை அளவு துருக்கட்டி, அவள் அதை ஓடைத் தண்ணீரில் ஆட்டினாள், ஆட்டினாள், செம்பழுப்புத் தண்ணீர் பிரிந்து போக, கட்டியின் ஓரத்தில் நிலா விளிம்பு போலக் கறுத்த ஒரு வளைவு, அவள் கட்டைவிரலால் தேய்த்தாள், ஒரு நகக்கண் அளவுக்கு வெள்ளை மினுங்கியது, நடுவில் ஆணியின் தலை அப்படியே இருந்தது.

அவள் அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஏறுவீங்களா என்று கேட்கவில்லை. நான் கேட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன், அவன் அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான், கட்டைவிரலால் ஆணித் தலையைத் தடவினான், அவனுடைய சாக்கு அவன் கையில் இருந்தது, அதன் எடை அவனுக்குத் தெரிந்திருக்கும், சிங்காரவேலு இருந்திருந்தா, என்று தொடங்கினான், முடிக்கவில்லை, தோள்கள் குலுங்கின, கடலில் இருந்து வந்த அன்றுகூட அழாதவன், இரண்டு வருடம் கழித்து ஒரு உப்போடையின் நடுவில் நின்று அழுதான், அண்ணி அவனைத் தொடவில்லை, தேற்றவில்லை, மிஷினை அணைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள், ஆணி பேசி முடிக்கட்டும் என்று நேரம் கொடுக்கிறவள் போல நின்றாள், அவளைப் போல நிற்க எனக்கு இந்தப் பிறவியில் வராது.

அழுகை அடங்கியது, அவன் முகத்தைத் துடைக்காமல் நிமிர்ந்தான், திடீரென்று தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, காதில் ஒன்றும் இல்லை, கையில் கம்பு இல்லை, கணுக்காலுக்கு மேல் சேறு, கடல் இருக்கும் பக்கமாக முகம், வெள்ளம் திரும்பிடுச்சு, என்றான், நான் ஓடையைப் பார்த்தேன், தண்ணீர் அசையவே இல்லை, செத்தை ஒன்றுகூட நகரவில்லை, அண்ணி பார்த்தாள், பெண்கள் பார்த்தார்கள், சற்று நேரம் கழித்துத்தான் கடைசிக் குச்சியின் அடியில் ஒரு நுரை வந்து ஒட்டியது, கரையேறு தையலு, மேஸ்திரிகிட்ட நாருப் பாயை அறுத்து வைக்கச் சொல்லு, ஆணியப் புடுங்க வேணாம், ஆணியோடவே வைக்கச் சொல்லு, நீயே ஒங் கையால வை, பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போ, தூரத்துல நிக்க வேணாம், என்று கட்டியை அவளிடம் நீட்டினான், நீங்க, என்றாள் அவள், இப்ப வர்றேன், முகத்துவாரத்துல போட்டு போற வழி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வர்றேன், என்றான். தஞ்சாவூரில், விளக்குப் போடாத என் அறையில், மின்விசிறி ஒரு சுற்று உறுமி ஒரு சுற்று கீச்சிடுகிறது, தலையைச் சாய்த்துக்கொண்டு இப்போது நிற்பது அண்ணன், அவன் முழங்காலைத் தொடுகிறது வெள்ளம், அவன் நகரவில்லை, குச்சிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போகின்றன, தரையெல்லாம் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது, நான் நாற்காலியிலிருந்து காலைக் கீழே இறக்கி வைக்கிறேன்.